பெரம்பூர் ஜவகர் நகரில் 560 சதுர அடி பழைய ஃப்ளாட்: வாங்கலாமா?

காசிமேடு மகள்:

வணக்கம். காசிமேட்டில், எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஒரு தெரு உள்ளே வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரி பகல் பாராமல் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். அப்பா ரயில்வேயின் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்பு உண்டு. வைத்தியமெல்லாம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான்.

ஜவகர் நகரில் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். தெரு அவ்வளவு அமைதி. 1996இல் கட்டியது, தரைத்தளமும் இரண்டு மாடியும், மொத்தம் ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது. எங்களுக்குச் சொல்லியிருப்பது முதல் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. 560 சதுர அடி, யூடிஎஸ் (பிரிக்காத மனையில் நம் பங்கு) 290 சதுர அடி, விலை 46 லட்சம். இதே பணத்துக்குச் செங்குன்றம் தாண்டிப் போனால் புதிதாக இரண்டு படுக்கையறை வீடே கிடைக்கும் என்கிறார் சித்தப்பா. பத்திரத்தில் 34 லட்சம் போட்டுவிட்டு மீதியைக் கையில் கொடுக்கலாம் என்கிறார் புரோக்கர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ரெட்டேரி ராஜா:

சித்தப்பா சொல்வதுதான் சரி. சதுர அடி 8,200 ரூபாய்க்கு மேல் வருகிறது, கிட்டத்தட்ட 30 வயதுக் கட்டடத்துக்கு இது ரொம்ப அதிகம். மாதவரத்திலிருந்து மெட்ரோ வேலை நடக்கிறது, அந்தப் பக்கம் இடம் இன்னும் ஏறும். புதுசா வாங்குங்க.

சர்குலர் ரோடு பெரியவர்:

அம்மா, நான் ஜவகர் நகரிலேயே குடியிருப்பவன். எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தேன். தம்பி சொன்ன கணக்கு தப்பில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் செங்குன்றத்திலிருந்து ஜி.என்.டி. ரோடு வழியாக ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். இங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் சீக்கிரமே போய்விடலாம்.

முதல் மாடி கிடைத்தது நல்லது. இரண்டாம் மாடி என்றால் அவருக்குப் படியும் அதிகம், தலைக்கு மேல் மொட்டை மாடி வெயிலும் இறங்கும். தரைத்தளத்துக்கு மழைப் பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீடு மேலே இருந்தாலும் மீட்டர் பெட்டியும் மோட்டாரும் சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கீழேதானே இருக்கும்? தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் போய் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் சாக்கடை கலந்துவிடும், கைப்பிடிச் சுவர் கட்டி உயர்த்தியிருக்க வேண்டும்.

அப்புறம் கட்டடம். சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். சிமென்ட் உரிந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், கம்பி ஊதி காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். குளியலறைக் கூரையில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். கணகணவென்று கெட்டியான சத்தம் வந்தால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. மேல் வீட்டுக் குளியலறைக் கசிவு உங்கள் தலையில்தான் சொட்டும், சரிசெய்ய அவர்கள் சம்மதம் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பழைய சின்ன ஃப்ளாட்டில் நீங்கள் வாங்குவது மண்ணில் ஒரு பங்கும், கூட இருக்கும் ஐந்து குடும்பங்களும்தான். சுவரெல்லாம் அப்புறம். சங்கத்தின் வரவு செலவு நோட்டைக் கேளுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கி யாருக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது வெள்ளையடித்தார்கள், மொட்டை மாடியை யாராவது தன் பேரில் எழுதி வாங்கியிருக்கிறார்களா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். நோட்டே இல்லை என்றால் எனக்கு அந்தக் கட்டடமே வேண்டாம்.

யூடிஎஸ் 290 மோசமில்லை. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி என்றால், ஆறு பத்திரத்திலும் உள்ள யூடிஎஸ்ஸைக் கூட்டினால் அந்த 2400ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரே மண்ணை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள். 2022ஆம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டலாம். அன்றைக்கு உங்களுக்காகப் பேசப்போவது இந்த 290தான்.

பத்திரம் படிப்பவள்:

பெரியவர் சொன்னதோடு ஒன்று. 34 லட்சம் பேச்சுக்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீங்க அக்கா. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும் என்று விற்பவரிடமே சொல்லுங்க. உங்களுக்கும் நஷ்டம்தான், வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கடன் தரும். முழு 46 லட்சமும் காட்டினால் 80 சதவீதம் வரை, அதாவது 36.8 லட்சம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 4.14 லட்சம். 50 லட்சம் வரை 6 சதவீதம்தான் என்று யாராவது சொன்னால், அது பில்டரிடம் முதல் முறை வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு. உங்களுடையது மறுவிற்பனை. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, தாய்ப்பத்திரத்தையும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடத்தையும் அசலில் கேளுங்க. வரைபடத்தில் தரையும் ஒரு மாடியும்தான் இருக்கிறது, நேரில் இரண்டு மாடி நிற்கிறது என்றால் வங்கி திருப்பி அனுப்பிவிடும்.

காசிமேடு மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டு அம்மா, மிக்ஜாம் சமயத்தில் தண்ணீர் இரண்டாவது படிவரை வந்தது என்றார். மோட்டார் கெட்டுப்போய், பிறகு மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்கள். மீட்டர் பெட்டி மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே, முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சங்க நோட்டு இருக்கிறது, மாதம் 1,200 ரூபாய், ஒரு வீட்டில் மட்டும் பாக்கி. குளியலறையில் ஓர் ஓரம் பொத்தென்றுதான் கேட்டது.

சர்குலர் ரோடு பெரியவர்:

மோட்டாரை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் கூடிப் பேசும் ஆட்கள்தான். பாக்கி வைத்திருப்பது விற்பவரா என்று பாருங்கள், அவரென்றால் பத்திரத்துக்கு முன்னால் கட்டவைத்து ரசீது வாங்குங்கள். மேல் வீட்டுக் கசிவை அடைக்கும் செலவையும் அவர் தலையில் வைத்து விலை பேசுங்கள், 46இல் நிற்க வேண்டாம். மீட்டர் பெட்டியை உயர்த்த ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு மின்வாரியத்தில் மனு கொடுக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அப்பாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்ப் படி ஏறச் சொல்லுங்கள், நடுவில் திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.