ஷிஃப்ட் நோட்டில் "பிரஷர் கூட்டியது" என்று எழுதியிருந்தால் அது எந்த பிரஷர்?

ஓசூர்_ஷிஃப்ட்

வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஷாப்பில் (பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டு என்கிற அச்சில் செலுத்திப் பொருள் செய்கிற இடம்) ஷிஃப்ட் பார்க்கச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வேலை பிடித்திருக்கிறது, ஆனால் சொற்கள்தான் குழப்புகின்றன. காலேஜில் படித்த பெயர் ஒன்று, மெஷின் பேனலில் இருக்கிற பெயர் ஒன்று, ஆபரேட்டர் அண்ணன்கள் சொல்வது இன்னொன்று.

போன வாரம் நடந்தது இது. பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்கில் ஒரு மூடி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ரிப் (வலுவுக்காக வைக்கிற மெல்லிய சுவர்) இருக்கிற இடத்துக்கு நேர் மேலே சிங்க் விழுந்து சின்னப் பள்ளமாகத் தெரிந்தது. நைட் ஷிஃப்ட் நோட்டில் "சிங்க் வருகிறது, பிரஷர் கூட்டியது" என்று ஒரே வரி. நான் காலையில் வந்து பார்த்தேன், பள்ளம் அப்படியே இருந்தது, சரி இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று இன்ஜெக்‌ஷன் பிரஷரை 10 பார் ஏற்றினேன். மோல்டின் இரண்டு பாதியும் சேருகிற பார்ட்டிங் லைன் முழுக்கப் பிசிறு (கசிந்து ஓரத்தில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக்). இரண்டு அக்காக்கள் அன்றைக்கு முழு ஷிஃப்ட்டும் பிளேடு வைத்துப் பிசிறு வெட்டினார்கள். மத்தியானம் நைட் ஆபரேட்டருக்கு போன் பண்ணிக் கேட்டால், அவர் கூட்டியது ஹோல்டு பிரஷராம்!

இன்ஜெக்‌ஷன் பிரஷர், ஹோல்டு பிரஷர், பேக் பிரஷர் மூன்றையும் யாராவது நிதானமாகப் பிரித்துச் சொல்ல முடியுமா? அப்புறம் டை, மோல்டு, டூல் எல்லாம் ஒன்றுதானா? குஷன் என்று பேனலில் ஒரு எண் ஓடுகிறது, அதை எதற்குப் பார்க்க வேண்டும்? நோட்டில் எழுத வசதியாகத் தமிழ்ச் சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_செட்டர்

தம்பி, நல்ல கேள்வி. 22 வருஷமாக மோல்டு ஏற்றி செட்டிங் பண்ணுகிறேன், "பிரஷர்" என்கிற ஒரு சொல்லால் வீணான மெட்டீரியலை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஷாட்டை வரிசையாக மனதில் ஓட்டிப் பாருங்கள். மோல்டு மூடியதும் பேரலுக்குள் (மெட்டீரியலை உருக்குகிற சூடான குழாய்) இருக்கிற ஸ்க்ரூ முன்னால் பாய்ந்து உருகிய மெட்டீரியலை ஸ்ப்ரூ, ரன்னர் என்கிற வழிகளிலும் கேட் என்கிற சின்ன வாயிலும் புகுத்தி, பார்ட் உருவாகிற குழியான கேவிட்டிக்குள் தள்ளுகிறது. இந்தக் கட்டத்தில் நாம் நிஜமாக செட் பண்ணுவது வேகத்தைத்தான். அந்த வேகத்தில் போக எவ்வளவு அழுத்தம் தேவையோ அவ்வளவை மெஷின் எடுத்துக்கொள்ளும், நீங்கள் பேனலில் போடுகிற இன்ஜெக்‌ஷன் பிரஷர் அதற்கு மேல் போகாமல் நிறுத்துகிற வரம்பு. கேவிட்டி 95, 98 சதவீதம் நிரம்பியதும் மெஷின் வேகத்திலிருந்து அழுத்தத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதைத்தான் சுவிட்ச்ஓவர் என்கிறோம், சில பேனலில் விபி என்று போட்டிருக்கும். மாறிய பிறகு வருவது ஹோல்டு. பார்ட் ஆறும்போது சுருங்கும், சுருங்குகிற இடத்துக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மெட்டீரியல் ஊட்டுவதுதான் ஹோல்டு பிரஷரின் வேலை. பிபி நன்றாகச் சுருங்குகிற மெட்டீரியல், 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு மேலும் போகும். ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக் அரை சதவீதத்தை ஒட்டித்தான். அதனால்தான் சிங்க் என்றதும் அனுபவசாலி கை ஹோல்டுக்குப் போகிறது.

பேக் பிரஷர் முழுக்க வேறு கதை. அடுத்த ஷாட்டுக்கு மெட்டீரியல் சேர்க்கிற ரீஃபில்லிங் சமயத்தில் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே பின்னால் வருகிறது, அது சுலபமாக வந்துவிடாமல் பின்னாலிருந்து கொடுக்கிற எதிர்ப்பு அது. கலர் மாஸ்டர்பேட்ச் சரியாகக் கலக்கவில்லை, மெட்டீரியலில் காற்று மாட்டுகிறது என்றால் அதைக் கொஞ்சம் கூட்டுவோம். சிங்க் வந்தால் அதைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

குஷன் என்பது ஹோல்டு முடிகிறபோது ஸ்க்ரூ முனைக்கு முன்னால் மிச்சம் நிற்கிற மெட்டீரியல். சாதாரணமாக சில மில்லிமீட்டர் வைப்போம். அது பூஜ்யம் ஆகிவிட்டால் ஸ்க்ரூ முட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம், பிறகு ஹோல்டு பிரஷரை எவ்வளவு ஏற்றினாலும் கேவிட்டிக்குப் போகாது. ஷாட்டுக்கு ஷாட் குஷன் எண் தாறுமாறாக ஆடினால் செக் ரிங் (மெட்டீரியல் பின்னால் வழியாமல் தடுக்கிற வளையம்) தேய்ந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, பழைய ஹைட்ராலிக் மெஷினில் பேனல் காட்டுவது ஆயில் பிரஷர். 80 பார் என்று போட்டிருந்தால் மெட்டீரியலில் அது ஏறக்குறைய பத்து மடங்கு, சிலிண்டர் அளவையும் ஸ்க்ரூ விட்டத்தையும் பொறுத்து மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு மெஷின் செட்டிங் ஷீட்டை இன்னொன்றில் அப்படியே போட்டால் பிசிறோ ஷார்ட்டோ (பார்ட் முழுதாக நிரம்பாதது) வருவது இதனாலும்தான். நீங்கள் ஏற்றிய 10 பாரும் உள்ளே வெறும் 10 பார் இல்லை.

உங்கள் கேஸில் ஹோல்டு பிரஷர் கூட்டியும் சிங்க் போகவில்லை என்றால் எனக்கு ஹோல்டு டைம் மேல்தான் சந்தேகம். எத்தனை நொடி போட்டிருக்கிறது?

டூல்ரூம்_கோவை

டை, மோல்டு கேள்விக்கு நான் வருகிறேன். பேச்சில் எல்லோரும் டை என்றுதான் சொல்கிறார்கள், டூல்ரூமில் நாங்களும் அப்படித்தான். கண்டிப்பாகப் பார்த்தால் பைப், ஷீட் மாதிரி இடைவிடாமல் வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ரூஷனில் வாய்ப்பக்கம் இருப்பது டை. மூடித் திறந்து ஒரு பார்ட்டைக் கொடுப்பது மோல்டு. டூல் இரண்டுக்கும் பொதுவாக ஓடும்.

பேச்சில் விட்டுவிடலாம், எழுதும்போது விடாதீர்கள். தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் இருக்கிறது, மோல்டுக்குச் சொல்கிற டையும் மெஷினில் நாலு மூலையில் நிற்கிற கம்பிக்குச் சொல்கிற டை பாரும் ஒரே எழுத்து. "டை பக்கம் ஆயில் கசிவு" என்று நோட்டில் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ் ஆள் டை பார் புஷ்ஷைச் சோதித்துக்கொண்டிருந்தார், கசிந்தது மோல்டின் உள்பகுதியை இழுக்கிற கோர் புல் சிலிண்டரில். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் மோல்டு என்று மட்டும்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அப்புறம் டன். 150 டன் மெஷின் என்றால் மோல்டை மூடிப் பிடிக்கிற விசை, மெஷினின் எடையும் இல்லை, ஷாட் எடையும் இல்லை. ஷாட் எடையைக் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் கிராமில் போடுவார்கள், அதே மெஷினில் பிபி ஓட்டினால் அவ்வளவு கிராம் வராது.

கியூசி_மலர்

எனக்கு "கருகல்" என்கிற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிஜெக்‌ஷன் ஷீட்டில் அதுதான் அதிகம் குழப்புகிறது. கருப்பாக எது தெரிந்தாலும் கருகல் என்று எழுதிவிடுகிறார்கள்.

பார்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பு எப்போதும் அதே மூலையில், கடைசியாக நிரம்புகிற இடத்தில், ஓரம் பழுப்பாகத் தீய்ந்து வருகிறதா? அது காற்று. வென்ட் அடைத்துக்கொண்டு காற்று வெளியே போக வழியில்லாமல் நசுங்கிச் சூடாகி மெட்டீரியலைப் பொசுக்குகிறது, டீசல் இன்ஜினில் நடப்பது போலவே. வென்ட்டைத் துடைத்து, கடைசிக் கட்ட வேகத்தைக் குறைத்தால் போய்விடும். கருப்பு புள்ளிபுள்ளியாக, ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறு இடத்தில் வந்தால் அது பேரலுக்குள் அதிக நேரம் கிடந்து கெட்டுப்போன மெட்டீரியல். அதற்கு பர்ஜிங் (பேரலில் இருப்பதை வெளியே தள்ளிச் சுத்தம் பண்ணுவது), டெம்பரேச்சர் என்று போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் எழுதினால், வென்ட் அடைத்த மோல்டுக்குப் பேரல் சூட்டைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஷார்ட் வரவைக்கிறார்கள். எங்கள் ஷீட்டில் "மூலைக் கருகல்", "கரும்புள்ளி" என்று பிரித்த பிறகு எனக்கே பாதி வேலை குறைந்தது.

சில்வரும் அப்படித்தான். நைலான், பிசி (பாலிகார்பனேட்), ஏபிஎஸ்ஸில் கேட்டிலிருந்து விசிறி மாதிரி வெள்ளிக் கோடு வந்தால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். பிசிக்கு 120 டிகிரியில் மூணு நாலு மணி நேரமாவது டிரை பண்ண வேண்டும். மழைக்காலத்தில் வெறும் ஹாட் ஏர் டிரையர் ஈரக் காற்றையேதான் சூடாக்கி உள்ளே அனுப்பும். "ஹீட் பண்ணியாச்சு" என்று எழுதாமல் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்ச் சொல் கேட்டீர்கள். பிசிறு, பள்ளம், கருகல், நெளிவு இதெல்லாம் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது, தாராளமாக எழுதலாம். ஹோல்டு, குஷன், கேட் இதையெல்லாம் பேனலில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ராத்திரி 2 மணிக்குப் படிக்கிறவருக்குப் பார்த்ததும் புரிய வேண்டும்.

ஸ்டோர்_ஸ்ரீபெரும்புதூர்

மெட்டீரியல் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது உயிர் விஷயம். சாக்கில் "வெள்ளை தானா" (வெள்ளைக் குருணை) என்று மட்டும் எழுதி வைக்கிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. டெல்ரின் என்று நாம் சொல்கிற அசிட்டாலும் பிவிசியும் ஒரே பேரலில் சந்திக்கவே கூடாது. பிவிசி சூட்டில் கெட்டால் அமிலம் விடும், அந்த அமிலம் பட்டால் அசிட்டால் வேகமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும். கண் எரிச்சலில் ஆரம்பித்து, பேரலுக்குள் அழுத்தம் ஏறி நாசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கும் அளவுக்குப் போகலாம். கழிவை அரைத்து எடுத்த ரீகிரைண்ட் சாக்கிலும் மெட்டீரியல் பெயர், கிரேடு, தேதி மூன்றும் இல்லாமல் நான் மெஷினில் மெட்டீரியல் கொட்டுகிற ஹாப்பர் பக்கம் விடுவதில்லை.

ஓசூர்_ஷிஃப்ட்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செட்டர் அண்ணா, பார்த்தேன், ஹோல்டு டைம் 2 நொடிதான் இருந்தது. குஷன் 6 மில்லிமீட்டரில் ஆடாமல் நிற்கிறது.

அம்பத்தூர்_செட்டர்

அப்படியானால் கேட் உறைவதற்கு முன்னாலேயே ஹோல்டு விட்டுவிடுகிறது, ஊட்டின மெட்டீரியல் கேட் வழியாகத் திரும்பி வந்துவிடும். முதலில் இன்ஜெக்‌ஷன் பிரஷரைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு ஹோல்டு டைமை ஒவ்வொரு நொடியாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் நாலைந்து ஷாட் விட்டு, ரன்னரை உடைத்துவிட்டுப் பார்ட்டை மட்டும் எடை போடுங்கள். எடை ஏறுவது எங்கே நிற்கிறதோ அங்கே கேட் உறைகிறது. ஹோல்டில் கூட்டிய நொடியைக் கூலிங்கில் கழித்துவிடலாம், சைக்கிள் டைம் மாறாது. ரீஃபில்லிங் முடிவதற்குள் கூலிங் முடிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்

இன்றைக்குச் செய்தேன் அண்ணா. 2 நொடியில் 41.2 கிராம், 3ல் 41.7, 4ல் 42.0, 5ல் 42.1, 6லும் 42.1. 5ல் வைத்துவிட்டேன். ரிப்புக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படவில்லை, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலும் தெரியவில்லை, பிசிறும் இல்லை. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மூடி மோல்டு, ரிப் மேல் பள்ளம். ஹோல்டு டைம் 2லிருந்து 5 நொடி. கூலிங் 18லிருந்து 15 நொடி. ரீஃபில்லிங் 9 நொடி. குஷன் 6. இன்ஜெக்‌ஷன் பிரஷர் பழையபடி." நைட் ஆபரேட்டர் அண்ணனிடமும் காட்டினேன், படித்துவிட்டு அவரும் கீழே குஷன் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.