வாடிக்கையாளர் கேட்கும் உருவத்தில் பொம்மை செய்து கொடுக்கும்போது விலையை எப்படிக் கணக்கிடுவது?

மாடியறைப்பாவை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் என் வீட்டு மாடியறையில் நான்கு ஆண்டுகளாகக் கையுறைப் பொம்மைகளும், வாய் அசையும் ஃபோம் பொம்மைகளும் செய்து வருகிறேன். இதுவரை என்னிடம் வந்தவர்கள் கதைசொல்லிகளும் மழலையர் பள்ளிகளும்தான். பொருள்செலவை மூன்றால் பெருக்கி விலை சொல்வது என் வழக்கம். தொடக்கத்தில் யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு கதைசொல்லிக்குத் தாத்தா பொம்மை செய்தபோதுதான் முதன்முறையாக நேரத்தைக் குறித்து வைத்தேன். ஃபோம், துணி, பசை, கண் உருண்டைகள் எல்லாம் சேர்த்துச் செலவு 1,800 ரூபாய். வாங்கிய விலை 5,400 ரூபாய். ஆன நேரம் 52 மணி. மிஞ்சிய 3,600 ரூபாயை 52ஆல் வகுத்தால் மணிக்கு எழுபது ரூபாய்கூடத் தேறவில்லை. அதிலும் 11 மணி நேரம் மூக்குக்கு மட்டுமே போனது. முகத்துக்குத் துணி ஒட்டி முடித்த படத்தை அனுப்பிய பிறகு, மூக்கு சற்றுச் சிறியதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் அவர். எஸ்.ஆர். என்ற செயற்கை ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்திவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. துணியை இழுத்தால் ஃபோமும் பிய்ந்துகொண்டு வரும். ஆகவே கன்னம் வரை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்தேன். அந்த வேலைக்குத் தனியாகப் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம், இமை மூடவும் புருவம் உயரவும் கூடிய பாட்டி பொம்மை ஒன்றைக் கேட்கிறது. இணையத்தில் இரண்டு ஆண்டுகள் வெளியிடப்போகும் குறும்படங்களுக்காம். எல்லா உரிமைகளும் தங்களுக்கே என்று மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கிறது. இன்னொன்று, ஒரு பள்ளிக்கு ஐந்து விலங்குகள், விலங்குக்கு ஐந்து வீதம் 25 கையுறைப் பொம்மைகள். ஒன்றுக்கு 800 ரூபாய்க்கு மேல் முடியாது என்கிறார்கள். இவற்றுக்கு நியாயமான விலையை எப்படிச் சொல்வது?

முருங்கைமரம்

அம்மா, நான் கும்பகோணம் பக்கம் பொம்மலாட்டத்துக்கு மரப்பொம்மை செதுக்குகிறவன். எங்கள் பொம்மைகள் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை போகும். ஆட்டுகிறவர் தலையில் அணியும் இரும்பு வளையத்திலிருந்து நூல்கள் தொங்க, கைகளைக் கம்பியால் இயக்குவார். அந்தப் பாரத்தைத் தலையில் தாங்கி ஆட வேண்டியிருப்பதால்தான் எடை குறைந்த கல்யாண முருங்கையைத் தேடிப் போகிறோம். அந்த மரத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உங்கள் மூன்று மடங்குக் கணக்கை நான் வைத்துக்கொண்டால், ஒரு தலையைச் செதுக்கிய கூலிகூட எனக்குக் கிடைக்காது. பொருள் மலிவாக இருப்பதும் வேலை மலிவாக இருப்பதும் ஒன்றல்ல.

தச்சு வேலைக்கு ஆள்கூலி பேசுவதுபோல நேரத்துக்குக் கூலி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாயும், அறை, மின்சாரம், தேய்மானம் ஆகியவற்றுக்கு 5,000 ரூபாயும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 180 மணி நேரம் உழைத்தாலும், துணிக்கடைக்கு அலைவது, தொலைபேசியில் பேசுவது, கட்டி அனுப்புவது எல்லாம் போக, பொம்மை மீது கை இருக்கும் நேரம் 120 மணிதான் இருக்கும். 30,000ஐ 120ஆல் வகுங்கள்: மணிக்கு 250 ரூபாய். 180ஆல் வகுத்தீர்களானால் கடைக்கு அலைந்த நேரமெல்லாம் இலவசமாகிவிடும்; பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பாட்டி பொம்மைக்கு இமையும் புருவமும் இருப்பதால் 60 மணிக்குக் குறையாது. கூலி 15,000, பொருள் 2,600 என்றால் 17,600 ரூபாய். இமையை இயக்கும் இழுவை நூல் அறுவதும் இமை பாதியில் நிற்பதும் முதல் முறை செய்யும்போது நிச்சயம் நடக்கும் என்பதால் நூற்றுக்குப் பதினைந்து சேருங்கள், 20,240 ரூபாய். இது செய்கூலி மட்டுமே. அச்சாரம் பாதி வாங்காமல் ஃபோமில் கத்தி வைக்காதீர்கள்.

மூக்கு விஷயம் என் மனத்தை மிகவும் வருத்தியது. நாங்கள் முகத்தைச் செதுக்கும் முன் களிமண்ணில் கைப்பிடி அளவு முகம் பிடித்துக் காட்டிவிடுவோம். நீங்களும் துணி ஒட்டும் முன்பு, வெறும் ஃபோமாக இருக்கும்போதே, முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதன் பின் வரும் மாற்றத்துக்கு மணிக்கணக்கில் கூலி உண்டு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிட்டால், பிறகு வாய் வரவேண்டிய அவசியம் இராது.

படப்பிடிப்பாளர்

விளம்பரப் படத் தயாரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேலே சொன்ன செய்கூலிக் கணக்கு சரியானது; ஆனால் அதோடு நிறுத்தினால் உங்களுக்கு நட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பாட்டிதான் அவர்கள் விளம்பரப்படுத்தும் பொருளின் முகம். நிறுவனத்தார் அதைக் கடைப் பொம்மையோடு ஒப்பிடுவதில்லை, நடிகருக்குக் கொடுக்கும் சம்பளத்தோடுதான் ஒப்பிடுவார்கள். எனவே செய்கூலி வேறு, பயன்பாட்டு உரிமைக்கான தொகை வேறு என்று இரண்டு வரிகளாக எழுதுங்கள்.

உரிமையைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பொம்மையைச் சேர்க்கக்கூடிய சிற்பம் என்ற வகை அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்லர் என்பதால், உங்கள் கையில் உருவான வடிவம், எழுதிக் கொடுக்கும் வரை, உங்களுடையது. அவர்களே வரைந்து கொடுத்த பாட்டியின் படத்தைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்றால் மட்டும் நிலைமை மாறும். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். கேட்டது இரண்டு ஆண்டு இணையப் பயன்பாடு என்பதால் அதை மட்டும் கொடுங்கள். எல்லா உரிமையும் வேண்டும் என்றால் தொகை பல மடங்காகும் என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே அந்த வரியை நீக்கிவிடுவார்கள், ஏனெனில் அது பழைய கடிதத்திலிருந்து ஒட்டப்பட்ட வரி.

படப்பிடிப்பு நாளில் இமை சிக்கிக்கொண்டால் ஐம்பது பேர் காத்திருப்பார்கள். நீங்கள் உடன் இருப்பதற்கு நாள் சம்பளமும் பயணச் செலவும் தனியாகக் கேளுங்கள்.

வரவுசெலவு

பணம் வந்து சேர்வதைப் பற்றி இருவரும் சொல்லவில்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் வளர்ச்சிக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குபவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாள்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு மாதாந்திரக் கூட்டுவட்டி உண்டு. விலைப்பட்டியலின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டாலே கணக்குப் பிரிவில் உங்கள் தாள் மேலே வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி வேலையில் 800 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளிகள் ஆண்டுதோறும் திரும்பி வரும்.

முருங்கைமரம்

வரவுசெலவு ஐயா சொன்ன கடைசி யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று குறைத்த விலைதான் அடுத்த ஆண்டும் பேச்சின் தொடக்கமாக இருக்கும். விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஐந்து விலங்குக்கும் தனித்தனி வெட்டுமாதிரி (துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள்) என்றால், முதல் பொம்மைகள் ஐந்துக்கும் 9 மணி வீதம் 45, மீதி இருபதுக்கும் 3 மணி வீதம் 60, ஆக 105 மணி. மணிக்கு 250 வீதம் கூலி 26,250; பொருள் 4,000 ரூபாயைச் சேர்த்தால் 30,250. ஒன்று 1,210 ரூபாய். உடல் எல்லாவற்றுக்கும் ஒன்றே, காதும் மூக்கும் வாலும் மட்டும் வேறு என்று வைத்தால், முதலாவதற்கு 9, அடுத்த நான்கு விலங்குகளுக்கு 5 வீதம் 20, மீதி இருபதுக்கு 2 வீதம் 40, மொத்தம் 69 மணி. பொருளோடு 21,250, ஒன்று 850 ரூபாய். இரண்டு விலையையும் எழுதி அனுப்புங்கள். பள்ளி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

மாடியறைப்பாவை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளி 850 ரூபாய்க்குச் சம்மதித்துவிட்டது. யானைக்குத் தும்பிக்கை நீளமாக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள், அதற்கு அரை மணி நேரம் சேர்த்தேன். விளம்பர நிறுவனத்துக்குச் செய்கூலி, உரிமை, படப்பிடிப்பு நாள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பினேன். உரிமை வரியை இரண்டு ஆண்டு இணையப் பயன்பாடு என்று திருத்தித் தந்தார்கள். தொகை இன்னும் பேச்சில் இருக்கிறது. அச்சாரம் வரும் வரை ஃபோமை வெட்டவில்லை. பாட்டியின் மூக்கை மட்டும் மூன்று அளவுகளில் களிமண்ணில் பிடித்து, நேற்று வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

முருங்கைமரம்

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மூக்கையும் அதற்கான வெட்டுத்தாளையும் தேதி எழுதிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பாட்டி கிழிந்தாலோ இரண்டாவது பாட்டி வேண்டும் என்று கேட்டாலோ, அதுதான் உங்களுக்கு 20 மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.