வார்டில் ஒரே கேள்வியை ஆறு பேர் கேட்கிறார்கள், எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: டியூட்டி டாக்டர், தண்டையார்பேட்டை
40 பெட் மெடிசின் வார்டு, கூடவே 6 ஐசியு பெட். "எப்படி இருக்காரு டாக்டர்?"னு காலைல அக்கா, மதியம் மச்சான், ராத்திரி 11க்கு ஊர்லேர்ந்து வந்த சித்தப்பா. ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருக்கு. கடைசியில "யாருமே ஒண்ணும் சொல்லலை"னு சண்டை வேற. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பதில்: ஐசியு மருத்துவர், ராயபுரம்
ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) "பரவாயில்லை"ன்னு சொல்றார், பிஜி (மேல்படிப்பு படிக்கற டாக்டர்) "சீரியஸ்"னு சொல்றார், சிஸ்டர் "டாக்டரைக் கேளுங்க"ன்னு அனுப்பறாங்க. மூணு வாய்லேர்ந்து மூணு பதில் வந்தா நாலாவது ஆளைத் தேடத்தான் செய்வாங்க.

அட்மிஷன் அன்னிக்கே, நோயாளி நினைவோட இருந்தா "யார்கிட்ட சொல்லலாம்?"னு அவரையே கேளுங்க. அந்த ஆள் பேர், உறவுமுறை, மொபைல், மாற்று ஆள் ஒருத்தர், எல்லாம் கேஸ் ஷீட் முதல் பக்கத்துல இருக்கணும். எச்ஐவி மாதிரி விஷயத்தை நோயாளி சம்மதம் இல்லாம மச்சான், மாமாகிட்ட வாய்தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, அதைத் தடுக்கற 2017 எச்ஐவி சட்டம் இருக்கு.

குடும்பத்தோட பேசற நேரம் காலை 11னு வெச்சா நம்ம வடசென்னை ஏரியாவுல செல்லாது. எண்ணூர், மணலி ஷிப்டு ஆளுங்க 2 மணிக்கு மேலதான் வெளியே வருவாங்க. காசிமேட்டுக்காரங்க விடிகாலையிலேயே மீன் ஏலத்துக்குப் போயிடுவாங்க. 3.30லேர்ந்து 4.30 வரைக்கும் வைங்க. ஐசியு ஆளுக்கு 5 நிமிஷம், அது 30. வார்டுல நிலை மாறின பத்து பேருக்கு 3 நிமிஷம், அது 30. மத்தவங்களுக்கு ரவுண்ட்ஸ்ல பெட் பக்கத்துலயே ஒரு வரி போதும்.

பேச ஆரம்பிக்கும்போது "இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு கேளுங்க. அப்புறம் நேத்தையும் இன்னிக்கையும் பக்கத்துல வைங்க: "பிபி ஏத்தற மருந்து நேத்து மணிக்கு 4 எம்எல் ஓடிச்சு, இன்னிக்கு 10. மூத்திரம் நேத்து 900 எம்எல், இன்னிக்கு 200." (மருந்தைக் கலக்கற அளவு ரெண்டு நாளும் ஒண்ணா இருந்தாத்தான் இந்த எம்எல் கணக்கு செல்லும்.) "சீரியஸ்"ங்கறது தேஞ்சுபோன வார்த்தை, எல்லா பெட்டுக்கும் அதைத்தான் சொல்றோம். எதைப் பாத்துட்டு இருக்கோம், எப்போ தெரியும்னும் சொல்லணும். முடிக்கும்போது, "வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" அதுல தப்பு வந்தா அங்கயே திருத்திடலாம். பில் பேச்சை இதோட கலக்காதீங்க, கலந்தா சொன்னது அத்தனையும் காசுக்காகன்னு ஆயிடும்.

பதில்: ஸ்டாஃப் நர்ஸ், ஐசியு
வெண்டிலேட்டர் போட்ட அன்னிக்கே ஒண்ணு சொல்லிடுங்க டாக்டர்: "மெஷின் மூச்சு மட்டும்தான் குடுக்குது, இதயத்துடிப்பு அவரோடது." இல்லைன்னா மூணாம் நாள் "செத்தவரை வெச்சிருக்காங்க"ன்னு பேச்சு கிளம்பிடும். தூக்க மருந்து ஓடறதையும் சொல்லணும், கண்ணு திறக்கலைன்னா கோமான்னு நினைச்சுக்கறாங்க.

தெலுங்கு, இந்தி, உருது பேசற குடும்பங்கள் இங்க நிறைய. பத்து வயசுப் புள்ளையை நிக்க வெச்சு மொழிபெயர்க்காதீங்க, மொழி தெரிஞ்ச ஸ்டாஃபைக் கூப்பிடுங்க.

கேட்டவர்
ராத்திரி இறப்பு ஆச்சுன்னா? போன்ல சொல்லலாமா?

பதில்: கேஷுவாலிட்டி மருத்துவ அலுவலர்
எடுத்ததும் "எங்க இருக்கீங்க, வண்டி ஓட்டறீங்களா, கூட யாரு?" ஓட்டறாங்கன்னா ஓரம் கட்டச் சொல்லுங்க. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி நடுவுல பைக்ல பதறிட்டு வரக்கூடாது. பக்கத்துல இருக்கறவங்கன்னா "நிலைமை ரொம்ப மோசம், வேற ஒருத்தரை ஓட்டச் சொல்லிட்டு வாங்க"ன்னு சொல்லி, வந்ததும் நேர்ல சொல்லுங்க. "இறந்துட்டாரா?"ன்னு நேராக் கேட்டா பொய் சொல்லாதீங்க.

நேர்ல உட்கார வெச்சு, "இறந்துட்டார்"ங்கற வார்த்தையையே சொல்லுங்க. "கொலாப்ஸ் ஆயிட்டார்"னா, எழுப்பிடுவீங்கன்னு காத்துட்டு இருப்பாங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கணும், அதுதான் நமக்குக் கஷ்டம். கதவு நமக்குப் பின்னால இருக்கட்டும், செக்யூரிட்டி அறைக்கு வெளியே. ஆஸ்பத்திரி ஆளுங்களைத் தாக்கறதுக்கு எதிரான 2008 சட்டத்தைச் சொல்ற போர்டு சுவர்ல தொங்கறதால அந்த நேரத்துல யாரும் அமைதியாக மாட்டாங்க.

எம்எல்சி கேஸ்னா (விபத்து, விஷம் மாதிரி போலீஸுக்குச் சொல்ல வேண்டிய கேஸ்) போலீஸ் தகவல், மார்ச்சுவரி, போஸ்ட்மார்ட்டம் மூணையும் அப்பவே, அந்த இடத்துலயே சொல்லிடணும். பாடி கேட்டு வந்து நிக்கும்போது முதல் தடவையாச் சொன்னா, அங்கதான் கை ஓங்கும்.

கேட்டவர்
நன்றி சார். பிஜி டியூட்டி மாறும்போது இதெல்லாம் அறுந்துபோகுதே?

பதில்: ஐசியு மருத்துவர், ராயபுரம்
ஹேண்ட்ஓவர் தாள்ல ஒரு கட்டம் போடுங்க: "குடும்பத்துக்குக் கடைசியாச் சொன்னது, யார்கிட்ட, எத்தனை மணிக்கு." ராத்திரி வர்ற சித்தப்பாவுக்கு டியூட்டி டாக்டர் அந்த வரியைப் படிச்சாப் போதும், புதுசா எதுவும் சேர்க்க வேண்டாம்.