அடையாள அட்டை இலக்கம், பாமினி, பிழையான திகதி: கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி, கணினிப் பாட ஆசிரியை:
சாதாரண தரத்தில் கணினிப் பாடத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கும் கிராம அலுவலர் கேட்கிற பெயர்ப்பட்டியலைப் பிழையில்லாமல் செய்ய வராது. கூட்டுத்தொகை, சராசரி எல்லாம் தெரியும். அடையாள அட்டை இலக்கத்தில்தான் மாட்டுப்படும்.

12 இலக்கத்தை அப்படியே அடித்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்து ‘1.998E+11’ என்று சுருக்கிக் காட்டும். 077 என்று தொடங்கும் போன் நம்பர் 77 ஆகிவிடும். ஆகவே அடிக்க முதலே அந்த நிரலைத் தெரிவு செய்து ‘ரெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.

அதே இலக்கத்தை வைத்தே நல்ல பயிற்சி ஒன்று கொடுக்கலாம். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதில் 500 கூடியிருக்கும், கழிக்க வேண்டும். ‘லெஃப்ட்’, ‘மிட்’ சார்புகளால் பிரித்தெடுக்கலாம். இங்கேதான் கவனம்: அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1998 இல் பிறந்தவருக்கு 061 என்றால் மார்ச் 1. ‘டேட்’ சார்பில் ஆண்டு 1998, மாதம் 1, நாள் 61 என்று கொடுத்தால் மார்ச் 2 என்று வரும். 2000 போல ஒரு நெட்டாண்டைக் கொடுத்து மாதத்தையும் நாளையும் எடுங்கள், பிறகு உண்மையான ஆண்டைச் சேருங்கள்.

மல்லாவி, தட்டச்சுப் பயிற்றுநர்:
ரீச்சர், பெயர் நிரலையும் சேர்த்துச் சொல்ல வேணும். பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ‘ம’ முன்னுக்கும் ‘அ’ பின்னுக்கும் வரும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘ம’ இருப்பது கே விசையில், ‘அ’ இருப்பது எம் விசையில். ‘இ’ இருப்பது கமாவில். அதனால் கமாவை வைத்து நிரல் பிரித்தால் ‘இராசம்மா’ உடைந்துபோகும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு இருக்கிற யுனிகோடில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை: என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால் அதே விசைகள், வருவது யுனிகோட்.

வவுனியா, உயர்தர மாணவி:
அண்ணை, ஏற்கெனவே பாமினியில் இருக்கிற கடிதங்களை என்ன செய்வது?

மல்லாவி, தட்டச்சுப் பயிற்றுநர்:
பாமினியை யுனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போடலாம் தங்கச்சி. ஆனால் முழுக் கடிதத்தையும் ஒரேயடியாகப் போடாதேங்கோ. இடையில் இருக்கிற ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். பந்தி பந்தியாக மாற்றி, ஆங்கிலத் துண்டுகளை விட்டுவிடுங்கோ.

புதுக்குடியிருப்பு, ஆய்வுகூடப் பொறுப்பாளர்:
வயதுக் கணக்குப் பிழைத்தால் சூத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், கணினியின் திகதியையும் பாருங்கள். நீண்ட விடுமுறைக்கு மெயின் சுவிட்சை நிறுத்தி வைத்த பழைய கணினிகளில், தாய்ப்பலகையில் உள்ள சில்லறைக்காசு அளவு பற்றரி இறங்கியிருந்தால் திகதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். வயதுக் கணக்கில் இன்றைய திகதிக்குப் போடுகிற ‘ருடே’ சார்பு அந்தத் திகதியைத்தான் எடுக்கும். பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுப்பதும் இதே காரணத்தால்தான். பற்றரியின் மாதிரி பெரும்பாலும் சீஆர் 2032, 3 வோல்ட். மின்வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள், பிறகு திகதியைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். சூடாக்கும் உருளை ஒரே நேரத்தில் இழுக்கிற மின்சாரத்தை அது தாங்காது.