செலினா தொடர் பார்த்தவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி எழுதியது:

டெக்சாஸ் பாடகி செலினாவின் வாழ்க்கையை வைத்து நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘செலினா: த சீரிஸ்’ பற்றித்தான். கதை எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி.

மெக்சிகோ வம்சாவளி, பிறந்து வளர்ந்தது டெக்சாஸில். பள்ளி விட்டதும் என் மகளைப் பார்த்துக்கொள்பவர். 2021 மே மாதம் இரண்டாம் பகுதி வந்தபோது, சேர்ந்து பார்க்கலாம் என்று நான்தான் அழைத்தேன். தினம் இரவு ஒரு எபிசோடு, கையில் ஒரு காபிக் கோப்பை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் செலினா பாடிய கச்சேரி வந்தது. 1995 பிப்ரவரி 26, அந்த ஊதா நிற உடை. திரையில் செலினாவாக வரும் கிறிஸ்டியன் செராட்டோஸ் கையசைத்ததும் அந்த அம்மா, “நான் அங்கே இருந்தேன்” என்றார். அன்று 60,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். மேல்தட்டில் கடைசி வரிசைக்குத்தான் அவருக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. “இவ்வளவுதான் தெரிந்தாள்” என்று கட்டைவிரல் நகத்தைத் தூக்கிக் காட்டினார். காட்டிய விரலை இறக்கவே இல்லை. பாட்டு முடியும்வரை அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், “போதும், நிறுத்து” என்றார். அந்தக் கச்சேரிக்கு 33 நாள் கழித்து செலினா கொல்லப்பட்டது இருவருக்கும் தெரியும். கொலையைத் திரையில் காட்டவில்லை என்று படித்திருந்தேன், அதைச் சொன்னேன். “காட்டாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?” என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். மீதியை நானும் இன்றுவரை பார்க்கவில்லை.

மருதாணி எழுதியது:

எனக்கு அந்தத் திருமணக் காட்சி. செலினாவும் கிடார் கலைஞர் கிறிஸ் பெரெஸும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்களே, 1992 ஏப்ரல் 2, அது.

நானும் அப்படிச் செய்தவள்தான். 2009. அப்பா இரண்டு வருடம் பேசவில்லை. மகன் பிறந்த பிறகு வந்தார், பேசினார், எல்லாம் சரியானது. ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. ஊரடங்கின்போது என்னோடுதான் தங்கியிருந்தார். நான் தொடர் பார்க்கும்போது அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆங்கிலம் பாதிதான் புரியும். செலினாவின் அப்பா அப்ரஹாமாக வரும் ரிக்கார்டோ சாவிரா வாயைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்.

திருமணக் காட்சி ஓடியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடியே கேட்டார்: “அன்றைக்கு உனக்குச் சாட்சிக் கையெழுத்து யார் போட்டது?”

பன்னிரண்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

“இவருடைய நண்பர்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் வரவில்லை. வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டோம்” என்றேன்.

“யார் என்றே தெரியாத ஆளா” என்றார். அவ்வளவுதான்.

தாளக்காரி எழுதியது:

ஹூஸ்டன்வாசி, உங்கள் எதிர்வீட்டு அம்மா அழுததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தத் தொடர் செலினாவைப் பற்றியது என்று எல்லோரும் பேசுவதை ஏற்க முடியவில்லை. முதல் பகுதியைத் திரும்பப் பாருங்கள். யார் முடிவெடுக்கிறார்? அப்பா. யார் பாட்டு வராமல் தவிக்கிறார், யாருடைய வெற்றியைக் கொண்டாடுகிறோம்? அண்ணன் ஏ.பி. செலினா சிரிக்கிறார், சரி என்கிறார், பாடுகிறார். லட்சக்கணக்கானவர்களை ஆட்டிப்படைத்த பெண்ணுக்கு ஒரு கோபம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை.

நான் பார்த்தது சூசெட்டை. செலினாவுக்கு அக்காவாகப் பிறந்து, டிரம்ஸ் வேண்டாம் என்று சொல்லி, அப்பா சொன்னதால் உட்கார்ந்து, பிறகு அதில் கைதேர்ந்தவர்.

என் அப்பா மெல்லிசைக் குழு வைத்திருந்தார். தம்பி கீபோர்டு, நான் டிரம்ஸ். பதினான்கு வயதில் தொடங்கி ஒன்பது வருடம் வாசித்தேன். ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து இரவு இரண்டு மணிக்கு வேன் படியில் உட்கார்ந்து அப்பா பணம் பிரிக்கிறார். கிடாருக்கு இவ்வளவு, தபேலாவுக்கு இவ்வளவு, தம்பிக்கும் ஒரு உறை. நான் கொப்புளம் வெடித்த கையோடு நிற்கிறேன். “வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பளம்?” என்று கேட்டுவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். தம்பியும் வீட்டுப் பிள்ளைதானே என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

செலினாவின் குழுவில் கீபோர்டு வாசித்த ரிக்கி வெலா, சூசெட்டின் மேல் இருந்த சொல்லாத காதலைப் பாட்டாக எழுதினார். சூசெட்டுக்கு வேறொருவரோடு திருமணமான பிறகு அதைப் பாடியவர் செலினா. தங்கை பாட, எழுதியவர் கீபோர்டில் நிற்க, பின்னால் தாளம் போட்டவர் சூசெட். இதைவிடப் பெரிய நாடகம் எந்தக் குடும்பத்தில் இருக்கிறது? இதை வைத்தே ஒரு முழுத் தொடர் எடுக்கலாம். தங்கை இறந்தபின் அந்தப் பெண் டிரம்ஸ் வாசிப்பதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் நெஞ்சில் முள்.

கடற்கரைச்சாலை எழுதியது:

ஹூஸ்டனில் இருந்துகொண்டு செலினாவின் ஊரான கார்பஸ் கிறிஸ்டி போகாமல் இருக்கலாமா? நான் போன வருடம் போனேன். கடலோரம் ஷோர்லைன் சாலையில் 1997இல் வைத்த செலினாவின் வெண்கலச் சிலை. பத்து வயதுப் பெண் ஒருத்தி வெள்ளை ரோஜாவை அதன் காலடியில் வைத்துவிட்டு, காற்றில் பறந்துவிடக் கூடாது என்று தன் செருப்பைக் கழற்றிக் காம்பின் மேல் வைத்தாள். வெறுங்காலோடு சூடான தரையில் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்குக் கதை இல்லை.

ஆனால் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஹூஸ்டனிலிருந்து விக்டோரியா வழியாக மூன்றரை மணி நேரம் ஆகும், விடியற்காலையில் கிளம்புங்கள். அங்குள்ள செலினா அருங்காட்சியகத்தை அவர் குடும்பமே நடத்துகிறது, வார நாட்களில்தான் திறந்திருக்கும், எனவே சனி, ஞாயிறு என்று திட்டம் போடாதீர்கள். உடைகளைப் பொறுமையாகப் பாருங்கள், பலவற்றை செலினாவே வடிவமைத்தார். ரோஜா வாங்கினால் வெள்ளை வாங்குங்கள், அவருக்குப் பிடித்தது அதுதான். நேரம் இருந்தால் இன்னொரு நாள் லேக் ஜாக்சனுக்கும் போங்கள், ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு மணி நேரம். அப்ரஹாம் பாப்பா கேயோஸ் உணவகம் நடத்தியதும், குழந்தைகள் மூவரும் அங்கே வாசிக்கத் தொடங்கியதும் அந்த ஊரில்தான். உணவகம் நொடித்துப்போய் வீட்டையும் இழந்துதான் கார்பஸ் கிறிஸ்டி வந்தார்கள்.

தொடரை இன்னும் பார்க்காதவர்கள் மொழிமாற்று ஒலியில் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பெண், புரியாத ஸ்பானிய வரிகளை ஒலியாக மனப்பாடம் செய்து பாடினார் என்பதுதான் கதையின் உயிர். 1992இல் மெக்சிகோவின் மான்டெரே நகரில் நிருபர்களைச் சந்திக்கப் போனபோது, தட்டுத்தடுமாறிய ஸ்பானியத்தோடு ஒவ்வொருவரையும் கட்டியணைத்து வரவேற்றார். பத்திரிகைகள் அவரை மக்களின் கலைஞர் என்று எழுதின. மொழியை மாற்றிவிட்டால் இது எதுவும் விளங்காது. செலினா பாடிய தெஹானோ இசையைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டு உட்காருங்கள். டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்காவும் மெக்சிகோ பாட்டோடு கலந்து பிறந்தது அது. ஆண்களின் கோட்டை. அதில் ஒரு பெண் நுழைந்தது சின்ன விஷயம் இல்லை.

கரும்பலகை எழுதியது:

தாளக்காரிக்கு ஒன்று. அப்பாவைத் தொடர் பெரிதாகக் காட்டுகிறது என்கிறீர்கள். சூசெட்டே நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். அவர் பார்வையில் அந்த வீடு அப்படித்தான் இருந்திருக்கும். செலினாவின் கணவர் கிறிஸ் இதில் சேர்க்கப்படவில்லை, அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவன் நான். என்னை உறுத்துவது வேறு. எட்டாம் வகுப்போடு செலினாவின் பள்ளிப் படிப்பை அப்ரஹாம் நிறுத்தினார். ஓர் ஆசிரியை எதிர்த்தார், கல்வித்துறையில் புகார் செய்வேன் என்றுகூடச் சொன்னார். பிறகு அஞ்சல்வழியில் படித்துப் பதினேழு வயதில் பள்ளிப் படிப்புக்கு இணையான சான்றிதழ் வாங்கினார் செலினா. என் வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள். திருவிழா மேடைகளில் பாடுவாள், எட்டாம் வகுப்பில் வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தன்மையாகத்தான் பேசினார். அவள் கதவோரம் நின்று, என்னிடம் திருப்பிக் கொடுப்பதற்காகப் பள்ளி நூலகப் புத்தகத்தை நீட்டினாள். பாதிப் பக்கத்தில் ஒரு கோழி இறகு அடையாளமாக இருந்தது. படித்து முடித்துவிட்டுக் கொடு என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மருதாணி, நீங்கள் அப்பாவோடு ஒரு நாள் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசிவிடுங்கள். நீங்களே தொடங்குங்கள், அவர் தொடங்க மாட்டார். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கோ ஊருக்கோ அழைத்துக்கொண்டு போய், பயணத்தில் பேசினால் இன்னும் நல்லது. முகம் பார்க்காமல் பேச முடியும். அப்ரஹாமே பின்னால் மன்னிப்புக் கேட்டு மருமகனைக் குழுவில் சேர்த்துக்கொண்டவர்தான். பெரியவர்கள் இறங்கி வரக் காத்திருக்கிறார்கள், வழிதான் தெரிவதில்லை.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

கடற்கரைச்சாலை, எதிர்வீட்டு அம்மா கார்பஸ் கிறிஸ்டிக்கு மூன்று முறை போனவர். வழி அவருக்குத் தெரியும்.

தாளக்காரி, அவர் அழுதார் என்று நான் எழுதவில்லை. அவர் அழவில்லை.

மருதாணி எழுதியது:

கரும்பலகை ஐயா, நீங்கள் அன்போடு சொல்கிறீர்கள், தெரிகிறது. அம்மா இல்லை. பேச வேண்டிய தேவையும் இப்போது இல்லை. நான் எழுத விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த வாரம் மகனைப் பள்ளியில் சேர்ப்பதற்கு ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போதுதான் ஆறாம் வகுப்பு. திருமணச் சான்றிதழும் அந்தக் கோப்பில்தான் இருந்தது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மூன்றாவது சாட்சியின் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.