பழைய ஹோம் சர்வரில் நான்கு எஸ்.எஸ்.டி.: எந்தக் கார்டு பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். 2013இல் வெளிவந்த ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8 ஒன்றை வீட்டில் இன்றும் பயன்படுத்தி வருகிறேன். குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அதில் இருப்பதால், எதையும் அவசரப்பட்டுச் செய்ய மனம் வரவில்லை. நான்கு ஹார்ட் டிஸ்க்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக நான்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.களைப் பொருத்த எண்ணுகிறேன். அவற்றை இணைக்க ஒரு கன்ட்ரோலர் கார்டு வேண்டும். அதைச் செருக இருப்பதோ ஒரேயொரு பி.சி.ஐ.இ. 2.0 ஸ்லாட்.

ஜேஎம்பி585 சிப் கொண்ட மலிவான கார்டு இரண்டு லேன்களையே (தரவு செல்லும் தடங்கள்) பயன்படுத்துவதால், இந்த ஸ்லாட்டில் நொடிக்கு 1 ஜி.பி.யைத் தாண்டாது, நான்கு எஸ்.எஸ்.டி.களும் சேர்ந்தால் 2 ஜி.பி. வரை கேட்கும். எட்டு லேன்கள் கொண்ட எல்.எஸ்.ஐ. 9211-8i கார்டை ஐ.டி. மோடில் (ரெய்டாகச் சேர்க்காமல் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே காட்டும் முறை) வைத்தால் அந்த நெருக்கடி இல்லை. ஆனால் அது நன்றாகச் சூடேறும் என்பதோடு, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் டிரிம் கட்டளையை எல்லா எஸ்.எஸ்.டி.களுக்கும் அனுப்புவதுமில்லை. என் நெட்வொர்க் 1 கிகாபிட்தான், இரு கார்டுகளின் வேகத்தையும்விட அது குறைவு என்பதால், வேகத்தைவிட டிரிம் முக்கியம் என்றே கருதுகிறேன்.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, டிவிடி டிரைவுக்கென விடப்பட்ட, ஃபிளாப்பி டிரைவ் காலத்துச் சிறிய நான்கு முள் கனெக்டர் ஒன்று மட்டுமே மின்சாரத்துக்கு மிச்சமிருந்தது. அந்த மெல்லிய கம்பிகளிலிருந்து நான்கு எஸ்.எஸ்.டி.களுக்கும் 5 வோல்ட் பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பானதா? இதே மாடலில் செய்து பார்த்தவர்கள், பயன்படுத்திய கார்டையும் மின் இணைப்பு கொடுத்த விதத்தையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.