குளிர்காலத்தில் பழைய டிராக்டர்களை அரங்குக்குள் கொண்டுவருவது: அனுபவப் பகிர்வு

பதிவு:
பழைய டிராக்டர் கண்காட்சி நடத்தும்போது மேடை, சாப்பாடு, உதிரிபாகக் கடைகள் எல்லாம் எப்படியோ அமைந்துவிடும். திணறல் வருவது வண்டிகளை உள்ளே ஏற்றும் நாளில்தான். இடம் பேசும்போதே கதவின் அகலம், உயரம், தரை தாங்கும் எடை, தீயணைப்பு நிபந்தனை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் எஃப் டிராக்டர் சுமார் 1,230 கிலோதான். ஆனால் அதில் பெரும்பங்கு பின்சக்கரங்களில் இறங்குகிறது. இரும்புச் சக்கரமானால் இரண்டு மூன்று பற்களின் முனையில். ஓடு பதித்த தரை நொறுங்கும், கான்கிரீட்டும் சில்லு பெயரும். போகும் வழி நெடுக 18 மி.மீ. பிளைவுட் போட்டு, அடியில் ரப்பர் விரியுங்கள். ரப்பர் இல்லாவிட்டால் பலகையே நழுவும். உள்கோடியில் நிற்க வேண்டிய வண்டி முதலில் வர வேண்டும். வந்த வரிசைப்படி விட்டால் மதியத்துக்குள் வழி அடைபடும்.

பதில்:
உள்ளே எஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுங்கள். தொடக்க கால ஃபோர்ட்சனுக்குத் தனி பிரேக்கே கிடையாது. சரிவில் ஏறும்போது பின்சக்கரத்தை ஒட்டியே ஒருவர் தடைக்கட்டையோடு நடக்க வேண்டும்.

அமெரிக்காவில் பரவலாக உள்ள தீ விதிப்படி தொட்டியில் கால் பங்கு அல்லது 19 லிட்டர், எது குறைவோ அவ்வளவுதான் எரிபொருள். மூடி அடைத்து, பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். காரணம் தீ மட்டுமல்ல: உறைகுளிரில் 40 லிட்டர் பெட்ரோல் நிரப்பிய தொட்டி 25 டிகிரி சூடேறினால் ஒரு லிட்டர் அளவுக்குப் பெருகி வழியும்.

பேட்டரியைக் கழற்றியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். மாக்னெட்டோ, அதாவது எஞ்சின் சுற்றும்போது தானே பொறிக்கான மின்சாரம் தரும் கருவி, உள்ள வண்டிக்குப் பேட்டரியே தேவையில்லை. அதை அணைக்கும் எர்த் வயர் அறுந்திருந்தால் எஞ்சினைச் சுற்றினாலே பொறி வரும். வேடிக்கை பார்க்கும் பையன் கிராங்கை (எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடி) திருப்பினால் போதும். பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, கிராங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

பதில்:
வியர்வையை யாரும் சொல்லவில்லையே! குளிர்ந்த வார்ப்பிரும்பு சூடான அரங்குக்குள் வந்ததும் ஈரம் படியும். மாக்னெட்டோவுக்குள் நீர் போனால் திரும்பும் நாளில் வண்டி கிளம்பாது. வெளியிலேயே பாலிதீன் போர்த்திக் கட்டி உள்ளே கொண்டுவந்து, வண்டியின் இரும்பும் அரங்கின் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள். பெரிய எஞ்சினுக்கு ஓரிரவு ஆகும். அதனால் ஏற்றும் வேலையை முந்தைய நாளே வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் மட்டும் ஊற்றிய ரேடியேட்டரோடு வந்தால் வழியிலேயே அது உறைந்து எஞ்சின் பிளாக் விரிசல் விடும். வடிப்பதானால் ரேடியேட்டரோடு பிளாக்கின் குழாயையும் திறங்கள். துருக்கசடு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தினால்தான் மிச்சம் இறங்கும். பாதிக்குப் பாதி கிளைகால் (உறைதடுப்புத் திரவம்) கலந்தால் உறையாது. ஆனால் தண்ணீர் கசியாத பழைய இணைப்பிலும் கிளைகால் கசியும். எண்ணெய்த் தட்டை எஞ்சினுக்கு அடியில் மட்டும் வைக்காமல் ரேடியேட்டர் வரை நீட்டி வையுங்கள். டயருக்குள் எடைக்காக ஊற்றிய கால்சியம் குளோரைடு கரைசல் இருந்தால் வால்வுக்குக் கீழும் ஒரு தட்டு வேண்டும். அது சொட்டிய இடத்தில் ரிம் அரித்துப்போகும்.